பண்டாரவளைக்கு நான் எழுதிய கடிதம்

போன மாதம் எங்கள் பழைய ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கு, வெளிநாட்டுக்கு விடுமுறை போகிறவர்களுக்குத் தங்குமிடம் பார்த்துக் கொடுப்பது எப்படி என்று நான் சொல்ல வேண்டுமாம். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, ஒரு தடிப் புத்தகத்தை முன்னால் வைத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். நீச்சல் குளம், மெத்தை, மெத்தைமேல் ரோஜாப் பூ. ஒவ்வொரு ஓட்டலுக்கும் இத்தனை நட்சத்திரம் என்று போட்டிருந்தது.

"இதைப் பார்த்துத்தான் ஐயா எடுத்துக் கொடுக்கிறோம்" என்றாள் ஒரு பெண்.

"சமையற்காரன் எப்படிப்பட்டவன் என்று இதில் எங்கே போட்டிருக்கிறது?" என்று கேட்டேன்.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அன்றைக்கு அரை மணி நேரம் ஏதேதோ பேசினேன், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அது நான் செய்த தவறு பற்றியது, அதனால் வாய் வரவில்லை. எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

என் பெயர் சுல்தான். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், சேலம் கோட்டைப் பகுதியில் ஒரு பாய்க்கடைக்காரரின் மூன்றாவது மகன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு சும்மா திரிந்த என்னைக் காதர் ராவுத்தர் தன் ஆபீசில் சேர்த்துக்கொண்டார். அம்மாபேட்டையில் நெய்கிற கைலிகளை வாங்கிச் சிலோனுக்கு அனுப்புவது அவருடைய வியாபாரம். சரக்கோடு போகிறவர்கள் "அங்கே எங்கே தங்கறது?" என்று கேட்டுக் கேட்டு, ஆள் அனுப்புவதே தனித் தொழிலாகிவிட்டது. அப்போது மேட்டூர் அணை கட்டி முடித்த புதுசு. அங்கே இருந்த இஞ்சினியர்கள், ஆத்தூர் அரிசி மில்காரர்கள், நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் என்று சித்திரை வெயில் தாங்காதவர்கள் எங்களிடம் வருவார்கள். சேலத்தில் கடலும் கிடையாது, கப்பலும் கிடையாது. ஆனாலும் ஊர் முழுக்க எங்கள் கடையைக் கப்பல் ஆபீஸ் என்றுதான் சொல்லும்.

ஏற்காடு மூக்குக்கு நேரே இருக்கும்போது சிலோன் எதற்கு என்று கேட்பீர்கள். ஏற்காட்டுக்குப் போனால் சொந்தக்காரர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள். அதுதான் காரணம். எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் ஊர் பார்க்கக் கிளம்பியவர்கள் இல்லை, சொந்தபந்தத்திடமிருந்து ஒரு மாதம் தப்பிக்கக் கிளம்பியவர்கள்.

ஆரம்பத்தில் நானும் படம் பார்த்து ஏமாந்தவன்தான். ராசிபுரத்து நெய் வியாபாரி ஒருவரையும் அவர் மனைவியையும் கண்டியில் இருந்த பெரிய ஓட்டலுக்கு அனுப்பினேன். ஏரியைப் பார்த்த அறை, பித்தளைக் கட்டில், வெள்ளை உடுப்புப் போட்ட பணியாட்கள். திரும்பி வந்தவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "படுக்கை நல்லா இருந்துதுங்க. உக்காந்து திங்கையில பின்னாடியே ஒருத்தன் நின்னுக்கிட்டுப் பாக்கறானுங்க. சோறு எறங்கலீங்க" என்றார். நான்கு நாளும் இருவரும் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு வாழைப்பழம் தின்றிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ராவுத்தர் ஒரு சட்டம் போட்டார். நாங்கள் இரண்டு நாள் தங்கிப் பார்க்காத வீட்டுக்கு ஒருவரையும் அனுப்பக்கூடாது. போவதை முன்கூட்டிச் சொல்லக்கூடாது. மத்தியானம், வீட்டுக்காரர்கள் அசந்திருக்கும் நேரத்தில் போய் நிற்க வேண்டும். முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும், எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிறகு சமையலறைக்குப் பின்புறம் போய்ச் சாக்கடையைப் பார்க்க வேண்டும். விருந்தாளிக்கு என்ன போடுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் தாங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கட்டிலில் கண்ணை மூடி அரை மணி நேரம் படுத்து, என்னென்ன சத்தம் கேட்கிறது என்று கவனிக்க வேண்டும். கிளம்புவதற்குமுன் அந்த வீட்டுத் துணி வெளுக்கிறவரோடு பேச வேண்டும், ஏனென்றால் அவருக்குத் தெரியாத ரகசியம் எந்த விடுதிக்கும் கிடையாது.

அப்படி நான் சிலோன் மலைநாடு முழுக்கச் சுற்றினேன். பெரிய ஓட்டல்களைவிடச் சின்ன வீடுகள்தான் எனக்குப் பிடித்தன. அவற்றுக்கு மனிதர்களைப் போலவே குணம் உண்டு. அட்டன் பக்கத்தில் ஒரு வீடு, சமையற்காரர் மகா கோபக்காரர், ஆனால் மீன் குழம்புக்காகத் திட்டு வாங்கலாம். அப்புத்தளையில் ஒரு பங்களா, நாய் கடிக்காது, கட்டிலில் வந்து படுத்துக்கொள்ளும். நுவரெலியாவில் ஒரு கிழத் துரை நடத்திய விடுதியில் சாயங்காலம் அவர் பிடில் வாசிப்பார், கேட்காவிட்டால் மறுநாள் வெந்நீர் வராது. இதையெல்லாம் நான் எழுதி வைப்பேன். வருகிறவர்களுக்கு ஏற்ற வீடாகப் பார்த்து முடிப்போம்.

யாருக்கு எது ஏற்றது என்று கண்டுபிடிக்க ராவுத்தர் ஒரே கேள்வி வைத்திருந்தார். தலையில் துருக்கித் தொப்பியைச் சரி செய்துகொண்டு, வந்தவர் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்பார். "அங்கே போய் எதைப் பார்க்க வேணாம்னு நினைக்கிறீங்க?" முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் யோசிப்பார்கள். அதற்குப் பிறகு வரும் பதில் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். ஒரு இஞ்சினியர், "தண்ணீர்" என்றார். மனிதர் அணைக்கட்டிலேயே கிடந்தவர். அவரைத் தேயிலைக் காட்டுக்குள் அனுப்பினோம்.

கந்தசாமிக் கவுண்டர் வந்தது ஒரு பங்குனி மாதம். திருச்செங்கோட்டுக்கு மேற்கே நிறைய நிலம் உள்ளவர், நாற்பது வயது இருக்கும். கூட மனைவி நல்லம்மாள். அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை, கதவருகில் நின்றார். ராவுத்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

கவுண்டர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஆரும் எங்களக் கேள்வி கேக்கக்கூடாதுங்க. அவ்வளவுதான்."

"என்ன கேள்விங்க?"

"எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. கண்ணாலமாகிப் பதினெட்டு வருசமாச்சுங்க. போற பக்கமெல்லாம் எத்தன கொழந்தைங்கன்னு கேக்கறாங்க. என்ற தங்கச்சி, ரெண்டாங் கண்ணாலம் பண்ணிக்கன்னு ஒத்தக்கால்ல நிக்கறாளுங்க. வைகாசியில அவ மகளுக்குக் காதுகுத்து. அன்னைக்கு முடிவு சொல்லோணும்னு பொண்ணுகூடப் பாத்து வெச்சிருக்காளுங்க."

ராவுத்தர் ஜன்னலைவிட்டுத் திரும்பினார். "நீங்க என்ன சொன்னீங்க?"

பதில் கதவருகிலிருந்து வந்தது. "நாந்தான் கட்டிக்கங்கன்னு சொல்லிப்போட்டனுங்க. எனக்குப் பேசிப் பேசி அலுத்துப்போச்சுங்க. காதுகுத்து முடிஞ்சா நான் எங்கப்பனூட்டுக்குப் போயிருவேன். அதுக்கு முந்தி ஒரு மாசம் நாங்க ரெண்டு பேரும் மட்டும் எங்கியாச்சும் இருந்துட்டு வாரமுங்க." நல்லம்மாள் அதைச் சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பது போலச் சொன்னார். கவுண்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு மனைவியை விட மனமில்லை, விடமாட்டேன் என்று சொல்லவும் வாய் இல்லை. எனக்கு அன்றே தெரிந்தது.

எனக்கு உடனே ஞாபகம் வந்த வீடு பண்டாரவளையில் இருந்தது. பாக்கியம் டீச்சர் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவர், ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த கணவர் இறந்தபிறகு ஐந்து அறை வீட்டில் மூன்றை விருந்தாளிகளுக்கு விட்டிருந்தார். முன்னால் பேரிக்காய் மரங்கள், பின்னால் சரிவு, எப்போதும் ஒரு குளிர்காற்று. மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரை, விளக்கு அணைப்பது ஒன்பது என்று பலகையில் எழுதி மாட்டியிருப்பார். அதற்கு முந்தின டிசம்பரில் இரண்டு நாள் அங்கே தங்கியிருந்தேன். அவரைப் பற்றி நான் எழுதி வைத்தது இதுதான்: சொன்னதைச் சொன்னபடி செய்வார், சொல்லாததைக் கேட்க மாட்டார். என் ஊர், என் குடும்பம், எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ஒன்றையும் அவர் கேட்கவில்லை. இதைவிட நல்ல இடம் இவர்களுக்குக் கிடைக்காது என்று நினைத்தேன். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போவதற்கு முன்னால் ஒரு கடிதம் போகும். வருகிறவர் சுத்த சைவமா, முதுகு வலியா, காபியா டீயா என்று நான்கு வரி எழுதுவேன். பாக்கியம் டீச்சருக்கு எழுத உட்கார்ந்தபோது எனக்கு அக்கறை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கதவருகில் நின்ற அந்த அம்மாளின் முகம் கண்ணிலேயே நின்றது. இப்படி எழுதினேன்:

"வருகிற தம்பதிக்குக் குழந்தை இல்லை. அந்த அம்மாள் மனம் மிகவும் நொந்திருக்கிறார். ஆகையால் குழந்தைகளைப் பற்றி எதுவும் விசாரிக்க வேண்டாம். அவர்கள் அங்கே இருக்கும்வரை அக்கம்பக்கத்துக் குழந்தைகள் யாரும் அவர் எதிரே வராதபடி பார்த்துக்கொள்ளவும்."

எழுதிவிட்டு, எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மடையன்!

சித்திரை பிறந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு டின் நெய், ஒரு மூட்டை நிலக்கடலை, ஒரு சிப்பம் வெல்லம். "அங்கே எல்லாம் கிடைக்கும்மா" என்று சேலம் ஜங்ஷனில் சொன்னேன். "ஒருத்தரு ஊட்டுக்கு வெறுங்கையோட போறதுங்களா?" என்றார் நல்லம்மாள். வாடகை கொடுத்துத் தங்குகிற இடத்துக்கும் சீர் கொண்டுபோகிற ஜனங்கள் அவர்கள். நான் சிரித்துக்கொண்டே வண்டி ஏற்றிவிட்டேன்.

பத்தாம் நாள் தந்தி வந்தது. "உடனே ஆள் அனுப்பவும். கந்தசாமி."

ராவுத்தர் தந்தியை இரண்டு தரம் படித்துவிட்டு, "நீ எழுதின கடிதத்தோட நகலை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். படித்தார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் தொப்பியைக் கழற்றி நான் அதுவரை பார்த்ததில்லை.

"கடைசி வரி எதுக்குப்பா எழுதினே?"

"அந்தம்மாவுக்கு மனசு கஷ்டப்படக்கூடாதுன்னுதான் முதலாளி."

"நான் எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன் போலிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டார். "இங்கேயிருந்து இன்னொரு கடிதம் எழுதி இதைச் சரி பண்ண முடியாது. நீயே போ."

ஈரோடு, திருச்சி, தனுஷ்கோடி, அப்புறம் கப்பல், அப்புறம் மறுபடியும் ரயில். வழியெல்லாம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வசனம் பாடம் பண்ணிக்கொண்டே போனேன். என்ன தப்பு நடந்திருக்கிறது என்பதே எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. பண்டாரவளையில் இறங்கி வீட்டுக்குப் போனபோது மத்தியானம். கந்தசாமிக் கவுண்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேரி மரங்களுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"வாங்க பாயி. உள்ள போயி அவகிட்டயே கேளுங்க. நாலு நாளா ஒரு வாயி சோறு ஒழுங்காத் திங்கலீங்க. இப்பவே ஊருக்குப் போலாம், போனதும் அந்தப் பொண்ணப் போயிப் பேசி முடிங்கங்கறா. ஏதோ இந்த ஒரு மாசத்துல அவ மனசு மாறும்னு நான் நெனச்சனுங்க. இப்ப அதுவும் போச்சுங்க." அவர் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குப் பெரிய அடியாக இருந்தது.

உள்ளே போனேன். பாக்கியம் டீச்சர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "தம்பி, நீங்கள் எழுதினதைத்தானே நான் செய்தனான்" என்று தொடங்கினார். நடந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டீச்சர் வீட்டுப் பின்னறையில் தினமும் சாயங்காலம் ஏழு பிள்ளைகள் பாடம் படிக்க வருவார்களாம். நான் டிசம்பர் லீவில் வந்ததால் அவர்களைப் பார்க்கவில்லை. என் கடிதம் கிடைத்ததும் டீச்சர் ஏழு வீட்டுக்கும் ஆள் அனுப்பி, ஒரு மாதம் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டவர்களிடம், "வீட்டிலை சுகமில்லாத ஒருத்தர் வந்து நிக்கிறார்" என்றிருக்கிறார். பெஞ்சுகளையும் சிலேட்டுகளையும் ஒரு போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறார். நல்லம்மாள் ஒரு நாள் துடைப்பம் தேடிக்கொண்டு பின்னறைக்குப் போய்ப் போர்வையை விலக்கியிருக்கிறார். இத்தனை சிலேட்டு இருக்கிறது, பிள்ளைகள் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. கடிதத்தை எடுத்து வாசிச்சுக் காட்டினன்" என்றார் டீச்சர். அவர் கண் கலங்கியிருந்தது.

நல்லம்மாள் சமையலறையிலிருந்து தட்டோடு வந்தார். "மொதல்ல சாப்புடுங்க பாயி. ரெண்டு நாளு ரயில்ல வந்திருக்கறீங்க." பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தது. வேறொருவர் வீட்டில் அவரே விருந்தாளி, அந்த நிலையிலும் எனக்குப் பரிமாறினார்.

நான் கை கழுவி வந்ததும் நல்லம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்தார். "நீங்க கெட்ட எண்ணத்துல எழுதலீன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. எங்கூர்ல ஒரு ஊட்டுல கொழந்தை பொறந்தா, நான் வாரது தெரிஞ்சா தொட்டில் மேல சேலையப் போத்துவாங்க. பால் குடுத்துக்கிட்டு இருக்கறவ முந்தானைய இழுத்து மூடிக்குவா. என்ற கண்ணு பட்டுருமாம். பதினெட்டு வருசம் இதப் பாத்தாச்சுங்க. கொழந்தைகளக் கண்டா எனக்கு நோகுதுன்னு ஆரு சொன்னாங்க? எனக்குக் கொழந்தைகன்னா உசுருங்க. பெரியவங்க வாயிதான் எனக்குப் புடிக்காது. அந்த வாயி இல்லாத பக்கம் போலாமின்னு கடலத் தாண்டி வந்தேன். நீங்க கடுதாசி போட்டு இங்கயும் சேலையப் போத்தீட்டீங்களே பாயி!"

பாடம் பண்ணிக்கொண்டு போன வசனம் ஒன்றுகூட இதற்குப் பொருந்தாது. கூனிக் குறுகிப் போனேன். எங்கள் தெருவிலும் இதெல்லாம் உண்டு. எங்கள் பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அவர் வரும்போது என் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தும், அதையே அன்பு என்று நினைத்து எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

"தப்பு என்னுதும்மா" என்றேன். எழுதும்போது இப்போதும் கண்ணில் நீர் வருகிறது.

"தப்புன்னா திருத்துங்க. அந்தப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வாங்க."

அன்று சாயங்காலமே நானும் டீச்சரும் கிளம்பினோம். சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் "சுகமில்லாத ஒருத்தர்" என்று டீச்சர் சொன்னது இரண்டு வாரத்தில் பெரிதாகிவிட்டிருந்தது. காசம் என்றார்கள் ஒரு வீட்டில், அம்மை என்றார்கள் இன்னொரு வீட்டில். ரொட்டி சுடுகிற ஒரு தகப்பன் எங்களைப் படியேறவே விடவில்லை. ரயில்வே கார்டு ஒருவரின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்கோ, அந்த மனுசிக்கு என்ன வருத்தம்?"

"அவங்களுக்கு ஒரு நோயும் இல்லைங்க. நோய் எனக்குத்தான். மூளையில்" என்று சொல்லி, நான் எழுதிய கடிதத்தைப் பற்றி ஆதியோடந்தமாக அந்தம்மாவிடம் சொன்னேன். ஊர் பேர் தெரியாத ஒரு பெண்மணியின் வாசலில் நின்று என் முட்டாள்தனத்தை உரக்கச் சொல்வது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "ஆம்பிளையள் கடிதம் எழுதினால் இப்பிடித்தான்" என்றவர், தன் இரண்டு பிள்ளைகளையும் அனுப்பியதோடு நிற்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு மற்ற வீடுகளுக்கும் எங்களோடு வந்தார். ரொட்டிக்காரரை அவர் பேசின பேச்சில் அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஏழு பேரும் வந்தார்கள். நல்லம்மாள் காலையிலிருந்தே கொண்டுவந்த நிலக்கடலையை வறுத்து, வெல்லப் பாகு காய்ச்சி, உருண்டை பிடித்து வைத்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் நின்றவள் ஐந்து வயதுச் சிறுமி, முன்பல் இரண்டும் இல்லை. உருண்டையை வாங்கிக்கொண்டு நல்லம்மாளை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

"மாமி, உங்களுக்குப் பிள்ளையள் இல்லையோ?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். கவுண்டர் வாசற்படியில் நின்றிருந்தார், அவர் ஒரு அடி முன்னால் வந்தது எனக்குத் தெரியும். யாரும் கேட்கக்கூடாது என்று எந்தக் கேள்விக்குப் பயந்து கடல் தாண்டி வந்தார்களோ, அதே கேள்வி!

"இல்ல சாமி" என்றார் நல்லம்மாள்.

சிறுமி எட்டித் தட்டைப் பார்த்தாள். "அப்ப மிச்ச உருண்டை எல்லாம் எங்களுக்குத்தானே?"

நல்லம்மாள் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள்! தட்டு கையிலிருந்து நழுவப் பார்த்தது. சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்கள், டீச்சரும் சிரித்தார். சிறுமி அதையெல்லாம் சட்டை செய்யாமல் தட்டிலிருந்து இன்னொரு உருண்டையை எடுத்துக்கொண்டு நல்லம்மாள் மடியில் உட்கார்ந்து தின்றாள்.

கவுண்டர் வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். மரத்தடியில் நின்று மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். "இவ இப்பிடிச் சிரிச்சுப் பாத்து எத்தன வருசமாச்சுங்க" என்றார். "எங்கூர்ல ஒருத்தரும் இவ மடியில ஒரு கொழந்தையக் குடுத்ததில்லீங்க பாயி. நானும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானுங்க இருந்தேன். ஒருநாளுகூட ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க." கடிதம் எழுதிய பிறகு, அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் நான் கிளம்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் நான் எழுதிய கடிதம் இரண்டே வரிதான். இன்னார் வருகிறார்கள், இன்ன தேதிக்கு வருகிறார்கள். சைவமா, முதுகு வலியா என்று மட்டும் சேர்ப்பேன். மனசைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன், அதை அவரவரே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவேன். பின்னால் யுத்தம் வந்து கப்பல் நிற்கும்வரை நூற்றுக்கணக்கான பேரை அனுப்பியிருக்கிறேன். ராவுத்தர் காலமானபின் அந்த ஆபீசை நானே பார்த்தேன். அதெல்லாம் இங்கே வேண்டாம்.

கந்தசாமிக் கவுண்டரும் நல்லம்மாளும் ஒரு மாதமும் முழுக்க இருந்துவிட்டுத் திரும்பினார்கள். காதுகுத்துக்கு ராவுத்தருக்கும் எனக்கும் அழைப்பு வந்தது. என்ன முடிவு என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மோகனூர்ப் பக்கம் தங்கை வீட்டாரின் குலதெய்வக் கோயிலில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் முன்வரிசையில் பெஞ்சு. கவுண்டரின் தங்கை பாவாயி மஞ்சள் பட்டுக் கட்டிக்கொண்டு பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பந்தல் ஓரத்தில் ஒரு குடும்பம் விறைப்பாக உட்கார்ந்திருந்தது, நடுவில் தலைநிறையப் பூவோடு ஒரு பெண். பதினேழு வயது இருக்கும். அவள்தான் பார்த்து வைத்த பெண் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் இல்லாமல் காதுகுத்து இல்லை. கவுண்டர் பலகையில் உட்கார்ந்தார். நல்லம்மாள் பக்கத்தில் போய் நின்றார். ஆசாரி தங்கக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நங்கை, அடுப்படியில ஆரும் இல்ல, கொஞ்சம் போயிப் பாருங்க" என்றார் பாவாயி. அண்ணன் மனைவியை அவர்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. பதினெட்டு வருடமாக ஒவ்வொரு விசேஷத்திலும் அந்த நேரத்தில் அடுப்படியில் யாரும் இல்லாமல்தான் போயிருக்கும். நல்லம்மாள் திரும்பினார்.

கவுண்டர் அவர் கையைப் பிடித்தார். அத்தனை பேர் முன்னிலையில் ஒரு கவுண்டர் தன் மனைவியின் கையைப் பிடிப்பதை அந்தக் கோயில் அதற்கு முன் பார்த்திருக்காது.

"பாவாயி, மாமன் மடி வேணுமா, வேண்டாமா?"

"இதென்னங்ணா கேள்வி?"

"வேணும்னா என்ற பொண்டாட்டியும் இங்கதான் உக்காருவா. கொழந்தை அவ மடியில இருக்கும், நான் புடிச்சுக்கறேன். வேண்டாமின்னா சொல்லு, நாங்க ரெண்டு பேரும் இப்பவே வண்டி ஏறிக்கறோம்." பிறகு பந்தல் ஓரத்தில் இருந்த குடும்பத்தைப் பார்த்துக் கை கூப்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணு தங்கமாட்டம் இருக்குது. நல்ல பக்கமாப் பாத்துக் குடுங்க. எனக்கு வேண்டாமுங்க."

மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். பின்னால் ஒரு கிழவர், "நேரம் போகுதப்பா" என்றார். பந்தல் ஓரத்துப் பெண் தலையை நிமிர்த்தி நீளமாக ஒரு மூச்சு விட்டாள், பாவம். பாவாயி அண்ணனைப் பார்த்தார், நங்கையைப் பார்த்தார், தன் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். ராவுத்தர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

நல்லம்மாள் பலகையில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கெஞ்சவும் இல்லை, கை நீட்டவும் இல்லை. மடியை மட்டும் சரி செய்துகொண்டார்.

பாவாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, குழந்தையை அந்த மடியில் வைத்தார்.

ஆசாரி வலது காதில் கம்பியை ஏற்றினார். குழந்தை அலறிக்கொண்டு நல்லம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நல்லம்மாளின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அழாத சாமி, அழாத. இன்னும் ஒரு காதுதான்."